சியராவுக்கு அம்மா முறை

டெல்டாவில் ஓடாமல் நின்றுபோன பொருளைத் தூக்கிப் போடும் வழக்கம் இல்லை. வேறு வேலை கொடுத்துவிடுவோம். தேய்ந்த டிராக்டர் டயர் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர்த் தொட்டியாகும். பழைய நுகத்தடி புடலைப் பந்தலுக்குக் காலாகும். திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிப் பாசனத்தில் இருக்கிற எங்கள் ஊரில் பெரியப்பாவின் டாட்டா 207-க்கும் இப்படி ஏகப்பட்ட வேலைகள் கொடுத்திருந்தார்கள். டிரைவர் சீட்டில் கோழி அடை காத்தது. பின்தொட்டியில் பி.வி.சி. குழாய்களும் காலிச் சாக்குகளும். கேபின் கூரை பெரியம்மாவுக்கு வடகம் காயவைக்கும் மேடை. தகரச் சூட்டில் ஒரே நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுத் தாத்தா சவரம் செய்துகொள்வார்.

இத்தனை உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்து, 'ஐயோ பாவம், கேட்பாரற்றுக் கிடக்கிறதே' என்று உருகியவன் ஊரிலேயே நான் ஒருவன்தான்.

இந்த உருக்கம் கோயம்புத்தூரில் தொற்றியது. அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015-இல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகத்தை, ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பார்த்தேன். கயிறு கட்டி, விளக்குப் போட்டு, தாத்தா காலத்து வண்டிகளையெல்லாம் மணப்பெண் அலங்காரத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஊர் திரும்பும் ரயிலில் போனைத் திறந்தால், எந்த நாட்டுக்காரனோ புதருக்குள் கிடந்த லாரியை இருபது நிமிடத்தில் உயிர்ப்பித்துக் காட்டுகிறான். அவன் வெட்டி எறிந்த காட்சிகளில்தான் அசல் கதை இருக்கிறது என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

வண்டியின் வம்சாவளியைப் படித்துப் பார்த்ததும் பைத்தியம் முற்றியது. 1988-இல், டாட்டா மோட்டார்ஸுக்கு டெல்கோ என்று பெயர் இருந்த நாளில், 'டாட்டா மொபைல்' என்று இதை இறக்கினார்கள். முன்பாதி காரின் சாயல், பின்பாதி லாரி. இதன் அடிச்சட்டத்தை வைத்துத்தான் 1991-இல் சியரா வந்தது. மறு வருஷம் எஸ்டேட். 1994-இல் வந்து தஞ்சாவூர் ஜில்லாவின் கல்யாண வீடுகளையெல்லாம் ஆண்ட சுமோவுக்கும் இதே 1,948 சி.சி. டீசல் எஞ்சின்தான். ஆக, எங்கள் கொல்லையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருப்பது சியராவுக்கு அம்மா முறை. இதைப் பெரியம்மாவிடம் விளக்கினேன். "இருந்துட்டுப் போவட்டும், முட்டைய எங்க வைக்கச் சொல்லுற?" என்று கேட்டார்.

பெரியப்பா ஓட்டியவரை வண்டி சும்மா நின்றதில்லை. விடிகாலையில் வாழை இலைக் கட்டும் பூவன் தாரும் ஏற்றிக்கொண்டு கும்பகோணம் போகும். திரும்பும்போது யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ். குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பட்டத்துக்கும் அக்கம்பக்கத்து வயல்களுக்கு உரம் ஏற்றிய தொட்டி அது. உரச் சத்தெல்லாம் பயிருக்குப் போனது, மிச்சம் மீதி தகரத்துக்குப் போனது. பொட்டாஷ் ஒரு வகை உப்பு. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை உள்ளிருந்தே தின்னும். மேலே பெயின்ட் பளபளவென்றிருக்க, விரலை வைத்து அழுத்தினால் அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. நான் அழுத்தியது நல்ல இடம் என்று நினைத்துத்தான் அழுத்தினேன். இன்று அந்த இடத்தில் ஒரு வெல்டிங் ஒட்டு இருக்கிறது.

வேலையை எங்கே தொடங்குவது? விவரம் தெரிந்தவன் சேஸிஸிலும் பிரேக்கிலும் தொடங்குவான். நான் பேட்டரியில் தொடங்கினேன். காரணம் எளிது: பேட்டரிக் கடையில் போய்க் காசைக் கொடுத்தால் கையில் ஒரு பொருள் வருகிறது, வேலை நடந்த மாதிரி இருக்கிறது. அதே நியாயப்படி சீட் கவரும், இரட்டைக் குரல் ஹாரனும் வாங்கினேன். எஞ்சின் அசைவதற்குள் அந்தப் புது பேட்டரி சும்மா கிடந்தே செத்துப்போனது. ஈயப் பேட்டரியை சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் வைத்தால் தகடு உப்புப் பூத்துவிடும் என்று, உத்தரவாத அட்டையை நீட்டிய என்னிடம் கடைப் பையன் பொறுமையாகச் சொன்னான். ஹாரன் மட்டும் இன்றுவரை புதுசு.

அடுத்தது சக்கரம் கழற்றும் படலம். டயர்கள் வெடிப்பு விட்டிருந்தன, கழற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் நான் அதற்குத் தேர்ந்தெடுத்த மாதம் ஐப்பசி. எங்கள் ஊர் வண்டல் வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகக் கிடக்கும், அடைமழையில் அல்வா. ஜாக்கியை வைத்து இறுக்க இறுக்க வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது, ஜாக்கி கீழே போய்க்கொண்டிருந்தது. வண்டியைத் தூக்குகிறேன் என்று வெகு நேரம் பூமிக்குள் ஆணி அடித்திருக்கிறேன். எதிர்வீட்டுத் தாத்தா திண்ணையிலிருந்து இறங்கி வந்து, பனங்கட்டைத் துண்டு ஒன்றை ஜாக்கிக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இதற்கிடையில் எலி. நெல் விளைகிற ஊரில் வண்டியை நிறுத்தி வைத்தால் ஒயரெல்லாம் எலிக்குத்தான் பாத்தியதை. காற்று ஃபில்டருக்குள் வைக்கோல் மெத்தை போட்டுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எலிக்கென்றே எங்கள் ஜில்லா பெயரில் ஒரு பொறி உண்டு, தஞ்சாவூர்க் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து, நாண் கட்டி, நெல்லை இரையாக வைப்பார்கள். எலி கதவுக் குச்சியைத் தட்டியதும் நாண் கழுத்தைப் பிடிக்கும். வேளாண்மைத் துறைக் கையேடுகளே இந்தப் பெயரைச் சொல்லித்தான் சிபாரிசு செய்கின்றன. மண்ணின் மைந்தனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு கிட்டியை வாங்கி எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தஞ்சாவூரில் என் ஆபீஸ் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபேன் பெல்ட்டைத் தடவிப் பார்க்கக் கையை விட்டபோது அங்கே ஒன்று வைத்திருந்தது நினைவில் இல்லை. எலி ஒயரைக் கடித்துக்கொண்டிருந்தது, கிட்டி என்னைப் பிடித்துக்கொண்டது. ஆள்காட்டி விரல் நகம் கறுத்து உதிர்ந்து வேறு நகம் வந்தாயிற்று.

மெக்கானிக் அண்ணன் வந்து சேர்ந்தது இதற்குப் பிறகுதான். தஞ்சாவூர்ப் புறவழிச் சாலையில் பட்டறை. டாட்டா மொபைல் நாளிலிருந்து தொழில் செய்கிறவர். வந்தவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி செத்துச்சா தம்பி, இல்ல ஓட்டுனவரு செத்தாரா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எதனால் நின்றது என்று நான் யாரையும் கேட்டதே இல்லை. உள்ளே இருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்: "வண்டிக்கு ஒண்ணும் இல்லப்பா. அவருக்கு முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியல. செல்ஃப் மட்டும் மக்கர் பண்ணும். ஆத்தங்கரை சரிவுல நிறுத்தி, உருட்டி விட்டு எடுப்பாரு."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் திண்ணையில் வரிசையாக நின்ற ஹார்லிக்ஸ் பாட்டில்களைப் பார்த்தார். வீடியோ பார்த்து நானே கழற்றிய நாலு நாசில், டீசல் குழாய்கள், நட்டு போல்ட்டுகள் எல்லாம் அவற்றில் இருந்தன. எது எங்கிருந்து வந்தது என்று பேனாவால் எழுதிச் சீட்டும் போட்டிருந்தேன். பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றியது அதற்கப்புறம். எழுத்து கரைந்து சீட்டெல்லாம் ஊதா நிறத்தில் மிதந்தது.

"நாசில் எடுத்த ஓட்டைய எத வச்சு அடைச்சீங்க?"

அடைக்க வேண்டும் என்று வீடியோக்காரன் சொல்லவில்லை.

அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சின் ஹெட்டில் நாசில் உட்காரும் துவாரங்களில் குளவி கூடு கட்டியிருந்தது. ஒரு கம்பியை வளைத்து விட்டு மெல்லச் சுரண்டினார். காய்ந்த மண் உதிர்ந்தது. மண்ணோடு சுருண்டு கிடந்த சின்னச் சின்னப் பச்சைப் புழுக்கள், குளவி தன் பிள்ளைக்குச் சேர்த்து வைத்த சாப்பாடு. கொஞ்சம் வெளியே வந்தது, மிச்சம் உள்ளே விழுந்தது. உள்ளே விழுந்த மண்ணோடு எஞ்சினைச் சுற்றினால் சிலிண்டர் கீறிப்போகும். எனவே ஹெட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கேஸ்கெட் புதுசு. கழற்றியதுதான் கழற்றினோம், வால்வையும் பார்த்துவிடலாம். மொத்தத்தில், செல்ஃப் மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் மாற்றியிருந்தால் பாதி முடிந்திருக்கும் வேலையை நான் ஹெட் வேலையாக வளர்த்தெடுத்திருந்தேன். "துணியக் கிழிச்சு நாலு உருண்ட வச்சிருந்தா போதும்" என்றார் அண்ணன். கோபமில்லாமல்தான் சொன்னார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

சியரா விவரத்தை அவரிடமும் எடுத்து விட்டேன். "தெரியும் தம்பி. அதனாலதான் பொழைச்சீங்க. சுமோ சாமான் எல்லாம் இதுக்குச் சேரும்" என்றார். அப்படித்தான் ஆனது. கேஸ்கெட் திருச்சியில் கிடைத்தது. வேறு சில சாமான்கள் சென்னைப் புதுப்பேட்டையில், எந்தக் கல்யாணத்துக்கெல்லாம் போய் வந்ததோ, ஒரு சுமோவின் வயிற்றிலிருந்து வந்தன. டீசல் பம்ப்பை மட்டும் தனியாகப் பம்ப் சர்வீஸுக்குக் கொடுத்தோம். பாஷ் என்று பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் அங்கே அதற்கு 'மைக்கோ பம்ப்'தான்.

ஜூன் 12-க்குள் வண்டியை ஓட்டிவிடுவேன் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். டெல்டாக்காரன் எதற்கும் கெடு வைப்பது அந்தத் தேதியைத்தான், மேட்டூர் திறக்கும் நாள். 2024 ஜூன் 12 வந்தபோது ஹெட் பட்டறையில் கிடந்தது. ஆனால் அந்த வருஷம் அணையில் தண்ணீர் இல்லாமல் மேட்டூரே ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தது. ஊரே குறுவை போச்சே என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க, என் ஒருவனுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அணைக்கே அவகாசம் உண்டென்றால் எனக்கு இல்லையா? வெளியே சொல்லக்கூடிய நிம்மதி இல்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன். 2025-இல் மேட்டூர் சொன்ன தேதிக்குச் சரியாகத் திறந்தது. நான் திறக்கவில்லை.

ஒருவழியாக எஞ்சின் ஏறியது. டீசல் எஞ்சினுக்குக் குழாயில் காற்று இருந்தால் பிடிக்காது. பம்ப்பின் கைப்பிடியைக் குத்திக் குத்தி, நாசில் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் கசிகிற வரைக்கும் விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். குத்துகிற வேலை எனக்கு. அதில் மட்டும் நான் பிழை செய்ய வழியில்லை என்று அண்ணன் கணித்திருந்தார். ஹீட்டர் பிளக்கைச் சூடேற்றிவிட்டு, பக்கத்து வயல்காரர் டிராக்டரில் வடம் கட்டி இழுத்தார். குலுங்கியது, தும்மியது, நின்றது. இன்னொரு இழுப்பு. வெள்ளைப் புகை தெருவை மூடியது. சைலன்சர் இருமி, ஒரு பிடி வைக்கோலையும் கருகிய நெல்லையும் எதிர்வீட்டுத் தாத்தாவின் வேட்டி மேல் துப்பியது. எலி அங்கேயும் கிடங்கு வைத்திருக்கிறது. எஞ்சின் சத்தம் மட்டும் பெரியப்பா கால்கட்டை விரலால் தாளம் போடும் அதே சீரில் நின்று பேசியது. பெரியம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "ஓடுதா? சரி, கோழிக்கு என்ன பண்ணப் போற?" என்றார்.

இந்தக் கேள்வியின் கனம் அடுத்தடுத்த வாரங்களில்தான் தெரிந்தது. கோழிக்கு மூங்கில் பஞ்சாரம் வாங்கினேன். அது பஞ்சாரத்தில் முட்டை இட மறுத்து வைக்கோல் போரில் எங்கோ ஒளித்து வைக்க ஆரம்பித்தது. பி.வி.சி. குழாய்க்குத் தகரக் கொட்டகை போட்டேன். வடகத்துக்கு மொட்டைமாடி இருக்கிறதே என்றேன். பெரியம்மாவுக்கும் முட்டி வலி, மாடி ஏறுவாரா? கொல்லையில் நாலு கால் நட்டு மேடை கட்டிக் கொடுத்தேன். தாத்தாவுக்குச் சுவரில் மாட்ட ஒரு கண்ணாடி. வண்டியைக் காப்பாற்ற ஆன செலவைத் தனி நோட்டில் எழுதி வருகிறேன். அதில் ஒரு பக்கம் முழுக்க, வண்டி பார்த்துவந்த வேலைகளுக்கு ஆள் மாற்றிய செலவு.

சரி, ஓடுகிறதே, ஓட்டலாமே என்பீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் பெரியப்பாதான் உரிமையாளர். வண்டிக்காரர் இறந்தால் முப்பது நாளில் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் வீட்டில் கருமாதிக்கே அந்த முப்பது நாளும் போதவில்லை. வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் ஆபீஸில் வாங்கியாயிற்று. ஆனால் புத்தகத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரும் இருக்கிறது. கடனைப் பெரியப்பா என்றைக்கோ அடைத்துவிட்டார், படிவம் 35-இல் கையெழுத்து வாங்க மட்டும் மறந்துவிட்டார். தேடிக்கொண்டு போனால் கம்பெனி இருந்த மாடியில் பிரியாணிக் கடை. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டிக்குப் பதிவே செல்லாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு. அதன்படி எங்கள் வண்டி வண்டியே இல்லை. 15 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்கு ஏற்றியும்விட்டார்கள். காலாவதியான நாளிலிருந்து நாளொன்றுக்கு 50 ரூபாய் என்று மத்திய விதிகளில் ஒரு வரி இருக்கிறது; வருஷத்துக்கு 18,250. எத்தனை வருஷம் என்று நான் பெருக்கிப் பார்க்கவில்லை. கால்குலேட்டரைக் கையில் எடுத்து, கீழே வைத்துவிட்டேன்.

ஆகவே இப்போதைக்கு சொந்தக் களத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் இடையில் வைக்கோல் ஏற்றுகிறது. சாலையைத் தொடாமல், வாய்க்கால் வரப்போரம். பெல்ட் வண்டி அறுத்துப் போட்ட வயலில் ஒருமுறை இறக்கிப் பார்த்தேன். டிராக்டர்க்காரர் வடத்தோடு வந்து ஏற்றிவிட்டார். காசு கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிறார், பார்க்க வேடிக்கையாக இருக்கிறதாம்.

மிச்சம் இருப்பது பெயின்ட். 2025 நவம்பரில் டாட்டா மோட்டார்ஸ் சியராவைப் புதிதாகக் கொண்டுவந்தபோது, மகள் திரும்பி வந்துவிட்டாள், அம்மாவும் அசல் கோலத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு வேகம் வந்துவிட்டது. வண்டியின் அசல் நிறம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது: செங்கல் சிவப்பு. சின்ன வயசில் தொட்டியில் ஏறி விளையாடிவிட்டு இறங்கினால் டவுசரெல்லாம் சிவப்பாக ஒட்டியிருக்கும். நாலு லிட்டர் டப்பா வாங்கி வந்து, சிங்கப்பூரில் இருக்கிற பெரியப்பா மகனுக்கு வீடியோவில் காட்டினேன். வாரிசு என்ற முறையில் அவர் கையெழுத்தும் வேண்டியிருந்தது.

"டேய், அது நீலம்டா" என்றார் சிங்கப்பூர் அண்ணன். "அப்பாவோட நீல வண்டி. எனக்குத் தெரியாதா?"

சிவப்பு, நீலம் என்று நாங்கள் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுப் பெரியம்மா முறத்தோடு வந்தார். போன் திரையில் மகனை ஒருமுறை, பெயின்ட் டப்பாவை ஒருமுறை பார்த்தார்.

"வண்டி வெள்ளை. அவன் பாத்தது மேல போத்தியிருந்த தார்ப்பாய். நீ பாத்தது ஓட்ட மூட்டையிலேர்ந்து கொட்டுன பொட்டாஷ்."

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நிறம் என்ற இடத்தில் வெள்ளை என்றுதான் இருந்தது. அதே புத்தகத்தைத்தான் படிவம் படிவமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருக்கிறேன். மூடி திறந்த டப்பாவைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டாராம். பாதி பெயின்ட் பம்ப்செட் கொட்டகைக் கதவுக்கு ஆயிற்று, மீதி இரண்டு லிட்டர் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் டப்பாவைக் கொண்டுவந்து ஊற்றிக்கொள்ளலாம்.